திரும்ப அழைக்கிறார்கள்: உங்கள் காரும் அதில் உண்டா?

கார் வாங்குகிறவர்கள் நல்ல நாள் பார்க்கிறார்கள். கூட்டிப் பார்த்து ராசியான நம்பர் கேட்கிறார்கள். மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி, நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். ஆனால், "உங்கள் வண்டியின் சேஸிஸ் நம்பர் என்ன?" என்று கேட்டால் பெரும்பாலோர் விழிக்கிறார்கள். அது இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் மட்டுமே வேண்டிய நம்பர் என்பது பொதுவான எண்ணம்.

அந்த எண்ணம் சரியல்ல. காரில் உயிருக்கு ஆபத்தான குறை ஒன்று இருந்து, அதைச் செலவில்லாமல் சரிசெய்து தர உற்பத்தியாளரே முன்வரும்போது, உங்கள் கார் அந்தப் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதை உறுதியாகச் சொல்வது அந்த நம்பர் ஒன்றுதான்.

குறையுள்ள வண்டிகளைப் பழுதுபார்ப்பதற்காகக் கம்பெனி திரும்ப அழைப்பதை 'ரீகால்' என்கிறார்கள். இந்தச் சொல்லைக் கேட்டதும் சிலர் காரையே பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயப்படுகிறார்கள். வேறு சிலர், முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று சந்தோஷப்படுகிறார்கள். இரண்டும் பெரும்பாலும் நடப்பதில்லை. வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டால் குறையுள்ள பாகத்தைச் சோதித்து, தேவையானால் புதியதை மாட்டித் தருவார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாகம் ஸ்டீயரிங்கைச் சேர்ந்ததாக இருந்தால், 'அவ்வளவுதான்' என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது.

நடந்திருக்கும் சில அழைப்புகள்

இது எங்கோ வெளிநாட்டில் நடக்கும் விஷயம் அல்ல. 2013 நவம்பரில் மாருதி சுசூகி நிறுவனம் 1,492 கார்களைத் திரும்ப அழைத்தது. எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர், ஏ-ஸ்டார் ஆகிய வண்டிகள் அவை. ஸ்டீயரிங் காலம் எனப்படும் தண்டில் குறை இருக்கலாம் என்பது காரணம். அந்த வண்டிகள் அனைத்தும் 2013 அக்டோபர் 19 முதல் 26 வரை, ஒரே வாரத்தில் தயாரானவை.

அதே 2013-ல் சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஃபிகோ, கிளாசிக் கார்களில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவை திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றில் பவர் ஸ்டீயரிங்கின் எண்ணெய்க் குழாயும் பின்பக்க அச்சுப் பாகமும் சோதிக்கப்பட வேண்டியிருந்தது.

2023 ஜூலையில் மாருதி சுசூகி, எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ ஆகிய இரு வகைகளில் 87,599 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரானவை இவை. ஸ்டீயரிங்கின் டை ராட் எனப்படும் கம்பியின் ஒரு பாகத்தில் குறை இருக்கலாம் என்றும், அபூர்வமாக அது உடைந்து வண்டியைத் திருப்புவதையே பாதிக்கலாம் என்றும் அறிவிப்பு கூறியது. ஈகோ வண்டி யாரிடம் இருக்கிறது என்பதை நாம் அறிவோம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர்கள், காய்கறி, துணி வியாபாரிகள், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள் என்று தினம் ஓடியே ஆகவேண்டிய வண்டி அது.

2024 ஆகஸ்டில் வந்தது இன்னும் கண்டிப்பான அறிவிப்பு. ஆல்டோ கே10 கார்களில் 2,555 வண்டிகளின் ஸ்டீயரிங் கியர்பாக்ஸில் குறை இருக்கலாம் என்று கூறிய நிறுவனம், பாகத்தை மாற்றும்வரை காரை ஓட்டவே வேண்டாம் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. 'வசதிப்படும்போது வாருங்கள்' என்று சொல்லும் அழைப்பு வேறு. 'ஓட்டாதீர்கள்' என்று சொல்லும் அழைப்பு வேறு. அறிவிப்பைப் படிக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

ரீகால் வந்த கார் மட்டமான கார் என்று ஒரு பேச்சு உண்டு. அது நியாயமல்ல. லட்சக்கணக்கில் தயாராகும் பொருளில் ஒரு வாரத்துச் சரக்கு சோடை போவது எந்தத் தொழிற்சாலையிலும் நேரக்கூடியதுதான். அதைக் கண்டுபிடித்து வெளியே சொல்லுகிற கம்பெனியைவிட, தெரிந்தும் மூடி மறைக்கிற கம்பெனிதான் அஞ்சத்தக்கது.

ஒரு சங்கிலியின் கண்ணிகள்

நம் கையில் இருக்கும் வளையத்துக்கும் சாலையில் உருளும் சக்கரத்துக்கும் இடையே உள்ளது ஒரு சங்கிலி எனலாம். வளையத்தைத் திருப்பினால் காலம் என்ற தண்டு திரும்புகிறது. அதன் கீழே சிறிய பல்சக்கரம் ஒன்று, பற்கள் வெட்டிய நீளமான கம்பியை இடமும் வலமுமாகத் தள்ளுகிறது. இவை அடங்கிய கூடுதான் ஸ்டீயரிங் கியர்பாக்ஸ். அந்தக் கம்பியின் இரு முனைகளிலும் டை ராட் எனப்படும் இணைப்புக் கம்பிகள் இருக்கின்றன. அவற்றின் நுனியில் உள்ள பந்து மூட்டு, சக்கரத்தைத் தாங்கும் பாகத்தைப் பிடித்துத் திருப்புகிறது.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி கெட்டது என்பதைப் பொறுத்து ஆபத்தின் அளவு மாறும். பவர் ஸ்டீயரிங்கின் எண்ணெய் ஒழுகினாலோ, மின்சார மோட்டார் நின்றாலோ வளையம் திடீரென்று கனமாகிவிடும். ஆனாலும் சக்கரத்துடன் இணைப்பு அறுவதில்லை. பதறாமல் பலமாகத் திருப்பி ஓரம்கட்டலாம். டை ராட் உடைந்தால் நிலைமை வேறு. அந்தப் பக்கத்துச் சக்கரம் நம் பேச்சைக் கேட்காது.

பிரேக் குறைந்தால் கியரைக் குறைத்து வேகத்தை அடக்கப் பார்க்கலாம். கைப்பிரேக்கை மெல்ல இழுக்கலாம். எஞ்சின் நின்றால் உருட்டிக்கொண்டு போய் ஓரத்தில் நிறுத்தலாம். ஸ்டீயரிங் இணைப்பு அறுந்தால் மாற்று ஏற்பாடு என்று எதுவும் கிடையாது. பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டிச் சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் இறக்கம் தெரியும். பாரம் ஏற்றிய லாரிகள் முன்னும் பின்னும் வர, வளைந்து இறங்கும் அந்த இடத்தில் ஒரு கம்பி உடைந்தால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை.

வளையத்தில் அதிக ஆட்டம், திருப்பும்போது 'டக் டக்' என்ற சத்தம், நேரான சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுப்பது, கைக்கு அதிர்வு தெரிவது, திரும்பியபின் வளையம் தானாக நேராகாதது ஆகியவை தேய்மானத்தின் அடையாளங்கள். இவை தென்பட்டால் உடனே காட்ட வேண்டும். ஆனால் தயாரிப்பிலேயே வந்த குறை வேறு மாதிரி. இரும்பின் உள்ளே பலவீனம் இருக்கும். வெளியே ஒரு சத்தமும் கேட்காது. 'என் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது' என்பது இதற்குப் பதிலாகாது. ரயில் பெட்டிகளின் அச்சை ஒலி அலை செலுத்திச் சோதிக்கிறார்களே, அந்த அச்சும் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். உடைந்தபின் மாற்றுவதற்காக அல்ல, உடையுமுன் பிடிப்பதற்காகத்தான் அந்தச் சோதனை. ரீகாலும் அதே காரியத்தைத்தான் செய்கிறது.

கடிதம் எங்கே போயிற்று?

ஊரை விட்டு வந்த நம்மவர்களின் தனிச் சங்கடம் இங்கேதான் ஆரம்பமாகிறது. திரும்ப அழைக்கும் செய்தி, கம்பெனியின் ஏட்டில் எந்த விலாசமும் டெலிபோன் நம்பரும் இருக்கிறதோ அங்கேதான் போகும். நம்மில் பலருடைய கார் சேலத்திலோ வேலூரிலோ திருச்சியிலோ வாங்கியது. விலாசம் அப்பா வீட்டு விலாசம். டெலிபோன் நம்பர் மாறிப் பல வருஷம் ஆகியிருக்கும். ஆக, கடிதம் ஊரில் பரண்மேல் கிடக்க, கார் இங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் வாடகைக்குக் கார் ஓட்டும் நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவரின் அனுபவம் இது. வேலூர்க்காரர் ஒருவரிடம் பழைய கார் வாங்கினார். பணம் கொடுத்தாயிற்று, வண்டியும் வந்தாயிற்று. பெயர் மாற்றத்தை மட்டும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டுவிட்டார். பல மாதம் கழித்து, ஜே.சி. ரோட்டுப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் வேறு வேலைக்காக வண்டியை விட்டார். அடியில் படுத்துப் பார்த்த அந்த இளைஞர் எழுந்து வந்து, "அண்ணே, இந்த மாடலுக்கு ஸ்டீயரிங் கம்பியைக் கம்பெனியிலேயே சும்மா மாத்திக் குடுக்கிறாங்களே, நீங்க போகலையா?" என்று கேட்டபோதுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. தன் வருமானத்துக்கு ஆகாத ஒரு வேலையைச் சொல்லி அனுப்பிய அந்த மெக்கானிக்கின் நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற ஒர்க்ஷாப்புக்குப் போனால், "ரெக்கார்டுல உங்க பேர் இல்லையே, சார்" என்றார்களாம். "குறை வண்டியில இருக்கா, என் பேர்ல இருக்கா சார்?" என்று இவர் கேட்டிருக்கிறார். சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தார்கள். பட்டியலில் இருந்தது. பாகம் கைவசம் இல்லை, வரவழைக்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்த வாரம் அவருக்குச் சேலம் வரை ஒரு கல்யாண டிரிப் பேசியிருந்தது. அட்வான்ஸும் வாங்கியிருந்தார். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு தொப்பூர் இறங்குவதா என்று யோசித்து, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். தினக் கூலிபோல் சம்பாதிக்கிற ஒருவருக்குப் பத்து நாள் வருமானம் பெரிய தொகைதான். ஆனாலும் அவர் எடுத்த முடிவை அவருடைய மனைவி உட்பட எவரும் குறை சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 1966-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் 2012 ஜூலை முதல் கார் உற்பத்தியாளர் சங்கம் தானாக வகுத்துக்கொண்ட ஒரு நடைமுறை மட்டுமே இருந்தது. கட்டாயம் எதுவும் இல்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஓட்டுகிறவர், உடன் செல்கிறவர், சாலையில் போகிறவர் ஆகியோருக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு செய்யும் குறை இருந்தால், அந்த வகை வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உத்தரவிட மத்திய அரசுக்கு இதனால் அதிகாரம் கிடைத்தது. பழுதுபார்ப்பதோ, வேறு வண்டி தருவதோ, விலையைத் திருப்பித் தருவதோ உற்பத்தியாளரின் பொறுப்பு. கம்பெனி தானாகவே குறையை அறிவித்துச் சரிசெய்ய முன்வந்தால் அபராதம் இல்லை.

இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இவை பொருந்தும். கட்டாயப்படுத்தித் திரும்பப் பெறவைக்கும்போது, வண்டிகளின் வகையையும் எண்ணிக்கையையும் பொறுத்து 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வண்டி வைத்திருப்பவர்கள் சாலைப் போக்குவரத்து அமைச்சின் பரிவாகன் இணையத்தளத்தில் குறையைப் பதிவுசெய்யலாம். ஒரு வகை வண்டியைப் பற்றிக் குறிப்பிட்ட அளவு புகார்கள் சேர்ந்தால் விசாரணை தொடங்கும். ஆகவே, 'நான் ஒருவன் எழுதி என்ன ஆகப்போகிறது' என்று சும்மா இருக்கக் கூடாது. ஒவ்வொருவரும் அப்படியே நினைத்தால் அந்த எண்ணிக்கை எப்படிச் சேரும்?

நுகர்வோர் சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. புகார் செய்பவர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போட இது வழி செய்திருக்கிறது. வெளிமாநிலத்தில் வாழ்பவர்களுக்கு இது மிகப் பெரிய சௌகரியம். வேலூரில் வாங்கிய காருக்காக வேலூர் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை, பெங்களூரிலேயே முறையிடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். வழக்குக்குமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். தமிழிலும் பேச வசதி உண்டு.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. குறையுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளரிடம் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால், பொருளை மாற்றியமைத்திருந்தாலோ முறைகேடாகப் பயன்படுத்தியிருந்தாலோ அந்த உரிமை அடிபட்டுப் போகலாம். ஸ்டீயரிங் பாகத்தை ரோட்டோரத்தில் வெல்டிங் வைத்து ஒட்டுவதும், பெயர் தெரியாத மலிவுப் பாகத்தை மாட்டுவதும் உயிருக்கும் ஆபத்து, வழக்குக்கும் ஆபத்து.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் ஆர்.சி.யை எடுத்துச் சேஸிஸ் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் பத்திரத்திலும், வண்டியின் உடலில் பதித்த தகட்டிலும் அது இருக்கும். மொத்தம் 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வரா. வட்டமாக இருப்பது பூஜ்யம், நேர்கோடாக இருப்பது ஒன்று. இது தெரியாமல் தவறாக அடித்துவிட்டு, 'பட்டியலில் இல்லை' என்று நிம்மதியாகத் திரும்புகிறவர்கள் உண்டு.

அடுத்து, கம்பெனியின் இணையத்தளத்தில் அந்த நம்பரைக் கொடுத்துப் பாருங்கள். அது கைவராதவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்கலாம். அல்லது எந்த அங்கீகார ஒர்க்ஷாப்பிலும் நேரில் கேட்கலாம். கார் எந்த ஊரில் வாங்கியது, எத்தனை கை மாறியது என்பது முக்கியமல்ல. வாரண்டி முடிந்துவிட்டது என்ற பதிலையும் ஏற்க வேண்டாம். வாரண்டி வேறு, ரீகால் வேறு.

வண்டியை விடும்போது ஜாப் கார்டில் 'ரீகால் வேலை' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். 'இத்துடன் ஆயிலும் மாற்றிவிடலாமே, அலைன்மெண்டும் பார்த்துவிடலாமே' என்பார்கள். வேண்டுமானால் செய்துகொள்ளலாம், கட்டாயம் இல்லை. வேலை முடிந்ததும் எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று எழுதிய தாளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நாளை காரை விற்கும்போது அதற்கு மதிப்பு உண்டு.

பாகம் வரவில்லை என்று நாள் கடத்தினால் வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் கேளுங்கள். 'ஓட்டாதீர்கள்' என்று அறிவிப்பு இருந்தால், வண்டியை வந்து எடுத்துச் செல்லும்படி ஒர்க்ஷாப்பைக் கேட்கத் தயங்க வேண்டாம். ஓட்டக்கூடாத வண்டியை ஓட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்வது முறையாகாது.

விலாசம் சரியாக இருக்கட்டும்

இவையெல்லாம் ஒருமுறை செய்தால் தீர்ந்துவிடும் வேலை அல்ல. இனி வரப்போகும் அழைப்பும் நம்மைத் தேடி வர வேண்டுமானால் ஏட்டில் நம் பெயரும் விலாசமும் சரியாக இருக்க வேண்டும். குடி மாறினால் 30 நாளைக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பழைய கார் வாங்கியவரும் 30 நாளைக்குள் தெரிவித்துப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்குமேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலத்தில் புதிய பதிவும் வேண்டும். வரிக்கும் அலைச்சலுக்கும் பயந்து பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். போலீஸ் பிடித்தால் அபராதம் என்ற அளவில்தான் இதை நினைக்கிறார்கள். உயிர்காக்கும் கடிதம் ஒன்று வழிதவறிப் போகும் என்பதை நினைப்பதில்லை. கம்பெனியின் ஏட்டில் டெலிபோன் நம்பரை மாற்றுவதற்கோ வரியும் இல்லை, அலைச்சலும் இல்லை. அடுத்த சர்வீசுக்குப் போகும்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

காரை விற்றுவிட்டவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய வண்டியைப் பற்றிக் கடிதமோ குறுஞ்செய்தியோ வந்தால், 'அது இப்போது நம்முடையது இல்லையே' என்று தள்ளிவிடாதீர்கள். வாங்கியவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் பெற்றோருக்கும், 'கம்பெனிக் கடிதம் வந்தால் பிரித்துப் பார்த்துச் சொல்லுங்கள்' என்று சொல்லி வையுங்கள்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்புமுன் டயரில் காற்றுப் பார்க்கிறோம், எண்ணெய் பார்க்கிறோம், பிரேக் பார்க்கிறோம். அத்துடன் சேஸிஸ் நம்பரையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம். கால்மணி நேரம் பிடிக்காத வேலை. காசு செலவில்லாத வேலை.